சத்திரசிகிச்சைக்கூடத்துப் புகை: வரலாறு எழுதாமல் விட்ட பக்கம்

1926 ஒக்டோபர் 1. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலை. இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் சில நாட்களுக்கு முன் பாதியில் விட்ட ஒரு தலைக்கட்டியை ஹார்வி குஷிங் திரும்பவும் வெட்டத் தொடங்குகிறார். இந்த முறை அவரிடம் ஒரு மின்கருவி இருக்கு. தாவரவியல் படித்த வில்லியம் போவி செய்த கருவி அது. உயர் மீடிறன் மின்னோட்டத்தால் இழையத்தை வெட்டும், இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும். கட்டி வெளியே வந்தது. அமெரிக்கச் சத்திரசிகிச்சைக்கூடங்களில் இன்றைக்கும் அந்தக் கருவிக்குப் பெயர் 'போவி' தான்.

வரலாறு எண்டு நாங்கள் படிக்கிறது இவ்வளவும்தான். ஆனா இழையம் சுடுபட்டால் புகை வரும் தானே? அந்தப் புகையை யார் சுவாசித்தது?

அந்தப் புகையின் பெரும்பகுதி நீராவி. மிச்சத்தில் பென்சீன், போமல்டிகைட், ஐதரசன் சயனைட்டு போன்றவை இருக்கு. 1981இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். மின்கருவியால் ஒரு கிராம் இழையத்தைச் சுட்டால் வரும் புகைக்கு, மரபணுவை மாற்றும் திறனில் ஆறு சிகரெட்டுகளின் அளவு இருந்தது. சாதாரண முகக்கவசம் இந்த நுண்துகள்களைத் தடுக்காது.

1991இல் நோர்வேயில் ஒரு சம்பவம் பதிவானது. லேசரால் பாலுண்ணிகளை அகற்றிவந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் குரல்வளையிலேயே அதே வகை வைரஸ் கட்டிகள் வளர்ந்திருந்தன. 2003இல் ஜேர்மனியில் ஒரு சத்திரசிகிச்சைக்கூடத் தாதிக்கும் அதே நோய் வந்ததாகப் பதிவு வெளியானது. அது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது.

நியாயமாகச் சொன்னால், அமெரிக்கத் தாதியரிடையே நடந்து 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்த வேலையால் நுரையீரல் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனா கண் எரிவும், இருமலும், தலையிடியும் புற்றுநோய் நிரூபணமாகும் வரைக்கும் காத்திருப்பதில்லை.

தீர்வு ஒண்டும் பெரிய விஞ்ஞானம் இல்லை. வெட்டுற இடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் ஒரு உறிஞ்சு குழாயைப் பிடிச்சால் போதும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் இதை 1996இலேயே சொல்லிவிட்டது. ஆனா அங்கே ஒரு மாநிலம் முதன்முதலாக இதைச் சட்டமாக்கியது 2018இல். அது ரோட் ஐலண்ட். சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் தாதியர்.

கருவி வந்து 92 வருடம். ஏன் இவ்வளவு காலம்? நிபுணர் தன் சத்திரசிகிச்சை முடிய வெளியே போய்விடுவார். தாதி அடுத்த நோயாளிக்கும் அதே அறையில் நிற்பார். அந்த மணம் வேலையோடு வாறது எண்டு எல்லாரும் பழகிவிட்டார்கள்.

இனி ஒரு கண்டுபிடிப்பின் கதையைப் படிக்கும்போது, கருவியைப் பிடித்த கையை மட்டும் பார்க்காமல், அந்த அறையில் வேறு யார் நின்றார்கள் எண்டும் நாங்கள் கேட்டுப் பழக வேணும்.