நெய்வேலி: பொதுக்கருத்தின் மாற்றம்

நெய்வேலி, கடலூர் மாவட்டத்துப் பழுப்பு நிலக்கரி நகரியம். அங்கே 1956இல் தொடங்கிய மத்திய அரசின் நிலக்கரி நிறுவனம் வட்டாரத்தின் பெருமையாக இருந்தது. 2006இல் எழுந்த எதிர்ப்பால் மத்திய அரசு அதன் பங்கு விற்பனையைக் கைவிட்டது. 2013இல் மீண்டும் பங்கு விற்பனையை எதிர்த்து நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது 3.56 விழுக்காட்டுப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்க முடிவானது. நிறுவனத்தைக் காத்தது வட்டார மக்கள் அதன்மீது கொண்ட ஒட்டுறவுதான். ஆனால் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் இழந்த ஊர்களில் இழப்பீடு, நிரந்தர வேலை பற்றிய மனக்குறை வளர்ந்துகொண்டே இருந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காகப் பொக்லைன்கள் வளர்ந்து நின்ற நெற்பயிரை அழித்த காட்சி, அந்தக் குறையை மாநிலமே பேசும் கோபமாக்கியது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்ற சட்ட விளக்கம், பயிர் புதைவதைப் பார்த்தவர்களிடம் எடுபடவில்லை, எடுபட்டிருக்கவும் முடியாது. சென்னை உயர் நீதிமன்றமும் வேதனை தெரிவித்தது.