மெய்நிகர் வட்டின் அளவை ஹோஸ்டிலிருந்து மாற்றுதல்

ஓர் உண்மைக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு, தனிக் கணினிபோல் இயங்குவது மெய்நிகர் கணினி. அதைத் தாங்கும் கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடும் இயங்குதளத்தைக் கெஸ்ட் என்றும் அழைப்பர். கெஸ்ட் தன்னுடைய வட்டாகக் காண்பது பெரும்பாலும் ஹோஸ்டில் உள்ள ஒரு கோப்புதான். அந்த வட்டின் கொள்ளளவை வெளியிலிருந்து கூட்டுவதும் குறைப்பதும் இக்கட்டுரையின் பொருள். இந்த வேலையில் அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வட்டு எவ்வளவு பெரியது என்பதை ஹோஸ்ட் தீர்மானிக்கிறது. அதில் எங்கே என்ன இருக்கிறது என்பது கெஸ்ட்டுக்கே தெரியும். இவ்விரு தரப்பும் படிப்படியாக ஒத்துழைக்கக் கற்றதே இத்துறையின் வரலாறு.

மினிடிஸ்க் காலம்

ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவான சிபி-40 அமைப்பு 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்த விஎம்/370 அமைப்பை ஐபிஎம் 1972இல் அறிவித்தது. இவற்றில் பெரிய வட்டு ஒன்றின் அடுத்தடுத்த சிலிண்டர்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு 'மினிடிஸ்க்' வழங்கப்பட்டது. ஒரு மினிடிஸ்க் முடியும் இடத்தில் பெரும்பாலும் இன்னொருவருடையது தொடங்கியது. ஆகவே இடம் போதாதபோது நிர்வாகி வேறோர் இடத்தில் பெரிய பகுதியை ஒதுக்குவார். தரவை அங்கே நகலெடுத்து, பயனர் பட்டியலில் உள்ள பதிவைத் திருத்துவார். அளவு மாற்றம் என்பது அன்று இடமாற்றமாகவே இருந்தது.

கோப்பாக மாறிய வட்டு

விஎம்வேர் நிறுவனம் 1999இல் வெளியிட்ட வொர்க்ஸ்டேஷன், சாதாரண மேசைக் கணினிகளுக்கு மெய்நிகர் கணினியைக் கொண்டுவந்தது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் உருவாக்கிய கெமு 2003இல் வெளிவந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் 2007இல் திறமூலமாகியது. இவை வட்டைத் தனிக் கோப்பாக வைத்தன. விஎம்டிகே, விஎச்டி, விடிஐ, கியூகவ்2 ஆகியவை அவ்வகையில் பரவலான வடிவங்கள். தேவைக்கேற்ப வளரும் கோப்பில், 100 ஜிபி என்று அறிவிக்கப்பட்ட வட்டு தொடக்கத்தில் ஹோஸ்டில் சில எம்பி மட்டுமே பிடிக்கும். அறிவித்த கொள்ளளவும் உண்மையில் பிடித்த இடமும் இவ்வாறு வேறுபட்டதால், அளவை மாற்றுவது கோட்பாட்டளவில் எளிதாயிற்று. கோப்பின் தலைப்பகுதியில் எழுதியுள்ள எண்ணையும், தரவின் இருப்பிடங்களைக் குறிக்கும் அட்டவணையையும் திருத்தினால் போதும்.

ஆனால் அதற்கான கருவிகள் தாமதமாகவே வந்தன. விர்ச்சுவல்பாக்ஸ் பயனர்கள் புதிய பெரிய வட்டை உருவாக்கி, பழையதை அதில் நகலெடுத்து, ஜிபார்ட்டட் போன்ற கருவியால் பார்ட்டிஷனை, அதாவது வட்டுக்குள் வகுத்த பகுதியை, விரித்து வந்தனர். 2010ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு வெளிவந்த கெமு 0.13 பதிப்பில் வட்டுக்கோப்பின் அளவை மாற்றும் கட்டளை சேர்ந்தது, விர்ச்சுவல்பாக்ஸ் 4.0 பதிப்பிலும் அதே வசதி வந்தது. விஎம்வேர் தன் வட்டுகளுக்குத் தனிக் கட்டளைக் கருவியை அளித்தது. ஸ்னாப்ஷாட், அதாவது வட்டின் ஒரு கணத்து நிலையைக் காக்கும் பதிவு, உள்ள வட்டை விரிக்க அது மறுத்தது. ஸ்னாப்ஷாட் பழைய அளவை நம்பி எழுதப்பட்டிருப்பதால் இது தேவையான தடை.

மூன்று அடுக்குகள்

ஹோஸ்டில் கட்டளை முடிந்ததும் கெஸ்ட்டில் இடம் கூடிவிடும் என்று எதிர்பார்ப்பவர் பலர். பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் பழைய வரப்பு தானாக நகராது, இங்கும் அப்படித்தான். முதலில் வட்டு, அடுத்து பார்ட்டிஷன், இறுதியாகக் கோப்பு முறைமை என மூன்றும் வரிசையாக விரிய வேண்டும். ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் அட்டவணையின் காப்பு நகல் வட்டின் கடைசியில் இருக்கும். வட்டு நீண்டதும் அது நடுவில் சிக்கிவிடுவதால், புதிய முடிவுக்கு அதை நகர்த்த வேண்டும். விரிக்க வேண்டிய பார்ட்டிஷனுக்கு அடுத்து ஸ்வாப் பகுதியோ விண்டோஸின் மீட்புப் பகுதியோ இருந்தால், அது வழியை மறிக்கும்.

கெஸ்ட் தரப்பிலும் கருவிகள் வளர்ந்தன. லினக்ஸ் 2.6.10 கெர்னல் 2004இல், பயன்பாட்டில் இருக்கும்போதே இஎக்ஸ்டி3 கோப்பு முறைமையை விரிக்க இடமளித்தது. விண்டோஸ் விஸ்டா, வட்டு மேலாண்மைத் திரையிலேயே பார்ட்டிஷனை விரிக்கவும் சுருக்கவும் வழி செய்தது. பல வட்டுகளின் இடத்தை ஒன்றாகத் திரட்டும் எல்விஎம் ஏற்பாட்டைப் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளில், இரண்டாவது வட்டு ஒன்றை இணைத்து அதன் இடத்தையும் முதலாவதோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது.

இயங்கும்போதே மாற்றம்

கணினியை நிறுத்தாமல் வட்டை விரிப்பது, ஓயாமல் இயங்கும் சேவைகளின் தேவை. விஎம்வேர் 2009இல் விஸ்பியர் 4 வழியாக இதை அளித்தது. கெமு 2011இல் அதற்கான கட்டளையைச் சேர்த்தது. வட்டின் அளவு மாறியதை, மெய்நிகர் சாதனங்களுக்கான விர்ட்டியோ இயக்கி கெஸ்ட்டுக்கு உடனே அறிவிக்கும். மைக்ரோசாஃப்ட் 2012இல் 64 டிபி வரை தாங்கும் விஎச்டிஎக்ஸ் வடிவத்தைக் கொண்டுவந்தது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்பில், ஸ்கஸி வழியாக இணைத்த அத்தகைய வட்டுகளை இயக்கத்திலேயே விரிக்கவும் சுருக்கவும் முடிந்தது.

சுருக்குதல்

விரிப்பதில் வெற்றிடம் சேர்கிறது. சுருக்குவதில் தரவே வெட்டுப்படலாம். எனவே வரிசை தலைகீழாகும்: முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன், கடைசியில் வட்டு. ஹோஸ்ட் முந்திக்கொண்டு வெட்டினால், கெஸ்ட் இன்னும் தன்னுடையது என்று நம்பும் பகுதி அழிந்துபோகும். இந்த ஆபத்தை உணர்ந்த கெமு, சுருக்குவதற்கு வெளிப்படையான ஒப்புதல் சொல்லைக் கட்டளையிலேயே கேட்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளை வட்டை விரிக்க மட்டுமே செய்யும். இஎக்ஸ்டி4 முறைமையை இணைப்பிலிருந்து விடுவித்த பிறகே சுருக்க முடியும்.

பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று: கொள்ளளவைத் தொடாமல், வீங்கிய கோப்பை மட்டும் இளைக்கச் செய்வது. கெஸ்ட்டில் கோப்பை அழித்தாலும் ஹோஸ்டுக்கு அது தெரியாது. வெற்றிடத்தைப் பூச்சியங்களால் நிரப்பிப் பிறகு கோப்பை இறுக்குவது பழைய முறை. எந்தத் தொகுதிகள் இனி வேண்டாம் என்பதைக் கெஸ்ட்டே அறிவிக்கும் டிரிம் கட்டளை வந்தபின் இதுவும் எளிதாயிற்று. எந்த வழியானாலும், தொடங்கும் முன் காப்பு நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று சோதித்துக்கொள்வது கட்டாயம்.

மேகக் கணிமையில்

மேகச் சேவைகள் இப்பணியைத் தானியங்கியாக்கின. சிறிய வட்டுப்படிமம் ஒன்றைப் பெரிய வட்டில் வைத்துத் தொடங்கினால், கெஸ்ட்டைத் தொடக்கத்தில் அமைத்துத்தரும் கிளவுட்-இனிட் என்ற மென்பொருள் முதல் இயக்கத்திலேயே பார்ட்டிஷனையும் கோப்பு முறைமையையும் வட்டின் எல்லைவரை விரித்துவிடும். அமேசான் தன் இபிஎஸ் வட்டுகளை இணைப்பிலிருந்து கழற்றாமலே பெரிதாக்கும் வசதியை 2017 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. சுருக்குவதற்கு அங்கே வழியில்லை. சிறிய புதிய வட்டுக்குத் தரவை நகலெடுத்தே ஆக வேண்டும்.