வன்னியில் இடம்பெயர்ந்த வைத்தியசாலைகள்

2002 ஏப்ரல் 10ஆம் திகதி விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் கிளிநொச்சியில் நடத்திய பத்திரிகையாளர் மாநாட்டுக்குச் சென்றிருந்த நூற்றுக்கணக்கான செய்தியாளர்களுள் நானும் ஒருவன். அந்த மாநாட்டைப் பற்றி அப்போதே போதிய அளவு எழுதியாயிற்று. நான் இங்கு சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டேன். கண்டி வீதியின் இருபுறமும் கூரையற்ற சுவர்கள்தாம். தேநீர்க் கடையில் இருந்த முதியவர் ஒருவரிடம் அரச வைத்தியசாலை எங்கே என்று கேட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரியைக் கேக்கிறியள் தம்பி? இஞ்ச இருந்ததையோ, அக்கராயனுக்குப் போனதையோ?"

வைத்தியசாலைக்கு நோயாளர் போவார்கள். வைத்தியசாலையே போகுமா என்று அன்று எண்ணினேன். வன்னியில் அது போகும். மக்கள் மூட்டை கட்டினால் அதுவும் கட்டில்களையும் குளிர்சாதனப் பெட்டியையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு பின்னால் போகும். அதன் பின்னால் எப்போதும் போகாதது மருந்து ஒன்றுதான். மருந்து மக்களைப் பார்த்து வருவதில்லை; கொழும்பில் ஒப்புக்கொள்ளப்பட்ட தலைக்கணக்கைப் பார்த்து வரும்.

இந்தக் கதை யுத்தத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1977 கலவரத்தின் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வவுனியாவின் காட்டோரங்களில் வந்து குடியேறின. அவர்களை நிலத்தில் அமர்த்திய காந்தீயம் இயக்கத்தின் தலைவர் கட்டடக் கலைஞர் டேவிட். செயலாளர் வவுனியாவில் வைத்தியராக இருந்த டாக்டர் இராசசுந்தரம். புதுக் குடியேற்றங்களுக்கு ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுப்பதும், குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதும் அந்த இயக்கத்தின் அன்றாடப் பணிகளாக இருந்தன. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். அகதிகளுக்கு மருத்துவம் பார்ப்பது அரசியல் குற்றமாகக் கருதப்படலாம் என்பதை வன்னி அன்றே கண்டுவிட்டது.

அடுத்த பெரும் அலை 1995இல் எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் வெறிச்சோடியது. தென்மராட்சியில் ஒதுங்கியவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குள் வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை இராணுவம் கைப்பற்றியபோது, வந்தவர்களும் அவர்களை ஏற்றவர்களும் சேர்ந்தே ஓடினார்கள். கிளிநொச்சி வைத்தியசாலை அக்கராயனுக்குப் பெயர்ந்தது அப்போதுதான். மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் இருந்த சிறிய வைத்தியசாலைகள் மாவட்ட வைத்தியசாலைகளின் வேலையைச் செய்ய நேர்ந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அங்கு வந்து பணியாற்றினார்கள்.

யுத்தப் பிரதேசத்து வைத்தியசாலை என்றவுடன் எறிகணைக் காயம்தான் நினைவுக்கு வரும். எங்கள் பத்திரிகைகளும் அதையே எழுதின. தலைப்புக்கு அது பொருத்தமாக இருந்தது. ஆனால் விடுதிகளை நிறைத்தது வேறு: மலேரியா, வயிற்றோட்டம், பாம்புக்கடி, பிரசவம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலேரியாவை அதிகம் அறியாது வளர்ந்தவர்கள் குளங்களும் காடும் நிறைந்த வன்னியில் மரத்தடியிலும் தரப்பாளின் கீழும் படுத்தார்கள். நோய் எதிர்ப்பு அற்ற உடல்; கொசுவலை இல்லை. 1999ஆம் ஆண்டு இலங்கையில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவாயினர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலும் வைத்தியசாலைகள் அரசாங்கத்தினுடையவையே. வைத்தியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொழும்புச் சுகாதார அமைச்சிலிருந்து வந்தது. மருந்தும் அங்கிருந்தே வரவேண்டும். ஆனால் அமைச்சு கொடுத்த மருந்துப் பட்டியலைப் பாதுகாப்பு அமைச்சு பார்த்து வெட்டும். காயம் கட்டும் துணியும் மயக்க மருந்தும் போராளிகளுக்குப் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதே கேள்வி. மாவட்டச் செயலகங்கள் இடம்பெயர்ந்தோர் தொகை இவ்வளவு என்று எழுதும். கொழும்பு அதைக் குறைத்தே ஏற்கும். அரிசியும் குளோரோகுயினும் குறைத்த கணக்கின்படி வரும். மறுபக்கத்தில், கடும் நோயாளி வவுனியாவுக்குப் போவதானால் புலிகளின் பயண அனுமதியும் வேண்டும், இராணுவத்தின் அனுமதியும் வேண்டும். காய்ச்சல் இரண்டுக்கும் காத்திருப்பதில்லை.

இதே மலேரியாவில்தான் ஒரு மாற்று உதாரணமும் உண்டு. மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் பணியாளர்கள் யுத்தக் காலத்திலும் வன்னிக்குள் வேலை செய்தார்கள். மருந்து தெளிப்பதற்கும் கொசுவலை கொடுப்பதற்கும் இரு தரப்பும் இடம் விட்டன. கொசுவுக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி தெரியாது என்பது இருவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். 2008இல் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 2012 ஒக்டோபருக்குப் பின் சில ஆண்டுகளுக்கு உள்நாட்டில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னியின் மருத்துவ வரலாற்றில் நான் மகிழ்ச்சியோடு எழுதக்கூடிய பத்தி இது ஒன்றுதான்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஏனைய சர்வதேச நிறுவனங்களும் அரசின் உத்தரவால் வன்னியை விட்டு வெளியேறின. சர்வதேச செஞ்சிலுவைக் குழு மட்டும் எஞ்சியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்வதற்கு முன்பே அதன் வைத்தியசாலை மறுபடியும் புறப்பட்டுவிட்டது. இம்முறை முல்லைத்தீவு வைத்தியசாலையும் வழியில் சேர்ந்துகொண்டது. தர்மபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால். இந்த ஊர்களை வரிசையாகச் சொன்னால் மக்கள் ஓடிய பாதையே வரும். பள்ளிக்கூட மேசைகள் சத்திரசிகிச்சை மேசைகளாயின. பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பலமுறை எறிகணை வீச்சுக்கு உள்ளானதைச் செஞ்சிலுவைக் குழுவே அறிவித்தது. அதன் இருப்பிடம் இராணுவத்துக்கு நன்கு தெரிந்திருந்தது. வன்னியின் முன்வரிசையில் இருந்த வைத்தியசாலைகள் யாவும் எறிகணை வீச்சுக்கு இலக்காயின என்று 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கூறுகிறது. மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை கூறுகிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது பத்திரிகைத் தொழிலாகாது.

தலைக்கணக்கு மறுபடியும் இங்கே வருகிறது. அப்பகுதியில் இருந்த மாவட்ட அதிகாரிகள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளதாக எழுதினார்கள். அரசாங்கம் 70 ஆயிரம் என்றது. மார்ச் நடுப்பகுதியில் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர்களான டாக்டர் சத்தியமூர்த்தியும் டாக்டர் வரதராஜாவும் சுகாதார அமைச்சுக்கு எழுதிய கடிதத்தில், தங்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ மயக்க மருந்தோ ஒரு சேலைன் போத்தலோகூட அனுப்பப்படவில்லை என்றும், வைத்தியசாலையில் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை தடுத்திருக்கக் கூடியவை என்றும் தெரிவித்திருந்தார்கள். மயக்க மருந்தின்றிக் கால்களை அகற்ற வேண்டியிருந்த நாட்கள் அவை. யுத்தம் முடிந்தபின் முகாம்களில் எண்ணப்பட்டவர்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். எழுபதாயிரம் என்ற கணக்கு யாருடையது என்று பின்னர் எந்த அமைச்சரும் விளக்கியதாக எனக்கு நினைவில்லை.

தரைப்பாதை அடைபட்டதும் கடல்வழி திறந்தது. பெப்ரவரி 10ஆம் திகதி முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழுவின் 'கிறீன் ஓஷன்' கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளில் காயக்காரரை அதில் ஏற்றினார்கள். உடன் வந்த உறவினரும் சேர்த்து ஏறத்தாழ 14 ஆயிரம் பேர். முதலில் திருகோணமலையில் இறக்கினார்கள், பின்னர் புல்மோட்டையில். அங்கே இந்திய அரசின் கள வைத்தியசாலை இயங்கியது. அது பிற்பாடு செட்டிகுளத்துக்கு மாறியது.

மே மாதத்தில் வவுனியா வைத்தியசாலையின் நிலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 400 சொச்சம் கட்டில்கள். நோயாளரோ அதைப்போலப் பல மடங்கு. கட்டிலின் மேல் ஒருவர், கட்டிலின் கீழ் ஒருவர், விறாந்தையில் பாய்கள். மெனிக் பாம் முகாமில் மஞ்சட்காமாலையும் அம்மையும் பரவின. 2 லட்சம் பேர் அடைபட்ட இடத்தில், வைத்தியசாலைக்குப் போவதானாலும் முட்கம்பி வேலியைத் தாண்ட அனுமதி வேண்டியிருந்தது. குடும்பத்தில் காயப்பட்டவர் எந்த ஊர் வைத்தியசாலையில் இருக்கிறார் என்று தெரியாமல் தவித்த தாய்மார் பலர்.

முள்ளிவாய்க்காலில் இறுதிவரை நின்ற வைத்தியர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2009 ஜூலை 8ஆம் திகதி ஐவர் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்பு சொன்ன இறப்புத் தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று சொன்னார்கள். அந்தச் செய்தியை நாங்களும் பிரசுரித்தோம். கைதியாக இருப்பவர் சொல்வதை எந்த நிலையில் சொல்கிறார் என்று ஒரு வரியாவது சேர்த்திருக்க வேண்டும், நான் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் குடியேறிய வரதராஜா, அது நிர்ப்பந்தத்தின் கீழ் சொல்லப்பட்டது என்று பிற்காலத்தில் கூறினார்.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. உடல்களுக்குள் கிடந்தவை மூடப்படவில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு வவுனியா பம்பைமடுவில் மறுவாழ்வுச் சிகிச்சை அளித்தார்கள். அகற்றினால் ஆபத்து என்று விடப்பட்ட எறிகணைச் சிதறல்களோடு பலர் கடல் கடந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் டொரன்டோவில் வன்னியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்ணுக்கு மொழிபெயர்க்க நான் வைத்தியசாலைக்குச் சென்றேன். தீராத தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தார்கள். காந்தப் புலத்தில் உலோகம் அசையும் என்பதால் முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உடலில் உலோகத் துண்டு ஏதும் உண்டா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு வினா. வாசித்துக் காட்டினேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஓம் எண்டு மட்டும் எழுதினாப் போதுமே அண்ணை? எத்தினை எண்டு எழுத இடம் விடேல்லையே?"