அறுசிம்புக் கோல்

‘கழை’ என்னும் பழஞ்சொல் மூங்கிலையும் குறிக்கும்; மூங்கிலால் ஆகிய கோலையும் குறிக்கும். வெட்டியெடுத்த கழையின் நுனியில் கயிற்றைக் கட்டிவிட்டால் தூண்டில் ஆயிற்று என்பதே நாம் அறிந்த செய்தி. ஆயின் அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில், அதே மூங்கிலைப் பிளந்து, இழைத்து, மீண்டும் ஒட்டிக் கோலாக்குவதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட கைவினைஞர் சிலர் இருந்தனர். அவர்களுடைய ஒன்றரை நூற்றாண்டு வரலாறு ஒரே வினாவைச் சுற்றி வருகிறது. ஒரு கோல் நல்ல கோல் என்பதைக் கை அறிகிறதா, கணக்கு அறிகிறதா?

வினாவின் ஆழம் விளங்க, அத்தூண்டிலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நாம் காணும் தூண்டிலில் இரையோ ஈயக்குண்டோ கனமாக இருக்கும்; அதை வீசினால் கயிறு அதன் பின்னே செல்லும். குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரௌட் மீனுக்கு (நீலகிரி நீர்நிலைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்டதும் இவ்வினமே) இடும் இரை வேறு. இறகும் பட்டுநூலும் சுற்றிப் பூச்சிபோல் செய்த சிறு முள் அது. அதற்கு எடை என்று சொல்லத்தக்கது இல்லை. ஆதலால் கயிறே கனமுடையதாகச் செய்யப்பெற்று, அக்கயிறே வீசப்படுகிறது. பின்னோக்கி வீசிய கயிற்றின் இழுப்பால் கோல் வளைகிறது. நிமிரும்போது கயிற்றை முன்னே செலுத்துகிறது. எனவே இதனைக் கோல் என்பதைவிட ஒருமுனை கையிற் பிடித்த வில் என்பதே பொருந்தும். அது எவ்விடத்தில், எவ்வளவு, எந்த வரிசையில் வளைகிறது என்பதே அதன் குணம். அக்குணமோ, அடியிலிருந்து நுனிவரை கோல் எவ்வாறு ஒடுங்குகிறது என்பதைப் பொறுத்தது.

1840களில் பென்சில்வேனிய மாநிலத்து ஈஸ்டன் நகரில் சாமுவேல் ஃபிலிப்பி என்னும் துப்பாக்கிக் கொல்லர் வாழ்ந்தார். வயலின் செய்வதும் அவர் தொழிலே. மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் முழுவதையும் செய்த முன்னோடியாக அமெரிக்கர் அவரையே போற்றுவர். மூங்கிலின் வலிமை முழுவதும் அதன் புறத்தோலை ஒட்டிய நார்களில் உள்ளது. உட்புறம் செல்லச்செல்ல நார் அருகிச் சோறு மிகும். சிம்பின் உட்புறத்தை மட்டும் இழைத்து முக்கோணமாக்கி, அத்தகைய ஆறு சிம்புகளைத் தோல் வெளியே தெரியுமாறு கூட்டி ஒட்டினால், அறுகோண வடிவில் உள்ளும் புறமும் திண்ணிய கோல் கிடைக்கும். மரத்தச்சர் அறிந்த வச்சிரப்பசையே அந்நாளில் ஒட்டுப்பொருள்.

அக்கோல்களுக்கு உதவிய மூங்கில் நம் நாட்டிலிருந்து சென்றது என்பதை நம்மவர் பலர் அறியார். வணிகர் அதனைக் ‘கல்கத்தா மூங்கில்’ என்றனர். சுட்ட தழும்புகளுடன் வந்திறங்கிய அம்மூங்கிலே பல்லாண்டுகள் அமெரிக்கத் தொழிலின் முதற்பொருளாக இருந்தது.

கைத்தொழிலாக இருந்ததைப் பட்டறைத் தொழிலாக மாற்றியவர் ஹைரம் லெனார்ட் (1831–1907). மெய்ன் மாநிலத்தவர், வேட்டைக்காரர், துப்பாக்கிக் கொல்லர், குழலிசைப்பதில் விருப்பம் மிக்கவர். 1857ஆம் ஆண்டு அம்மாநிலக் காடுகளுக்குச் சென்ற எழுத்தாளர் தோரோ, கோச்சு வண்டியில் தம்முடன் பயணம் செய்த வேட்டைக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் லெனார்டே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 1870களில் சிம்புகளைச் சாய்வாக அறுக்கும் பொறி ஒன்றை லெனார்ட் அமைத்தார். அப்பொறி பூட்டிய அறைக்குள் இருந்தது. கோல் ஒடுங்கும் கணக்கு அப்பொறியின் அச்சிலேயே அடங்கியிருந்ததால், அறையைப் பூட்டியதும் கணக்கைப் பூட்டியதும் ஒன்றே. 1881இல் பட்டறை நியூயார்க் மாநிலத்துச் சென்ட்ரல் வேலி என்னும் ஊருக்கு மாறியது. ஆயினும் பூட்டு நெடுநாள் பயன்படவில்லை. எட்வர்ட் பெய்ன், ஃபிரெட் தாமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ் முதலிய தலைசிறந்த உதவியாளர்கள் வெளியேறித் தத்தம் பெயரில் கோல் செய்யலாயினர். அவர்களும் தத்தம் கணக்கைத் தமக்குள்ளே வைத்துக்கொண்டனர். குருவிடமிருந்து விலகிய மாணவன் குருவின் பூட்டை மட்டும் உடன் எடுத்துச் செல்வது எல்லாத் துறையிலும் காணக்கூடியதுதான்.

இதற்கிடையே மூங்கில் மாறியது. தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்துக் குன்றுகளில் விளையும் ஒருவகை மூங்கில், நேரான வளர்ச்சியாலும் நார் நெருக்கத்தாலும் கல்கத்தா மூங்கிலைப் பின்தள்ளியது. ‘டோங்கின்’ என்பது அதன் சந்தைப் பெயர். டோங்கின் நாட்டில் அது விளைவதில்லை. காண்டனில் லிங்னான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாவரவியலார் ஃபிளாயிட் மெக்ளூர் 1931இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அப்பெயரின் பிற்பகுதியான ‘அமாபிலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘அன்பிற்குரியது’ என்பது பொருள். வறண்ட அறிவியல் நாமங்களிடையே இவ்வாறு ஒரு சொல் வந்து அமைந்தது.

பூட்டைத் திறந்தவர் எவரெட் கேரிசன் (1893–1975). தொழிலால் கட்டுமானப் பொறியாளர். ஜார்ஜ் பார்க்கர் ஹோல்டன் என்னும் மருத்துவர், கோல் செய்யும் கலையை 1920இல் நூலாக எழுதியவர், அவருக்கு வழிகாட்டினார். பாலங்களுக்கும் உத்திரங்களுக்கும் பொறியாளர் போடும் கணக்கைக் கேரிசன் மூங்கிலுக்குப் போட்டார். கோலின் நுனியிலிருந்து ஐந்தைந்து அங்குலத்திற்கு ஓரிடமாகக் குறித்துக்கொண்டார். ஒவ்வோரிடத்திலும் அதற்கு அப்பாலுள்ள மூங்கிலின் எடை, வார்னிஷின் எடை, இணைப்புப் பூணின் எடை, கயிற்றின் எடை ஆகியவை எத்துணை அழுத்தம் தரும் என்று கணித்தார். வீச்சின் வேகத்தில் அவ்வெடை நான்கு மடங்காகச் செயற்படும் எனக் கொண்டார். பின்னர் மூங்கில் நார் தாங்கும் அழுத்தத்தைக் கொண்டு வகுத்து, அவ்விடத்தில் கோலின் தடிப்பு இவ்வளவு இருத்தல் வேண்டும் என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பமாக வரையறுத்தார்.

கணக்கு முடிந்தபின் கைவேலை தொடங்கும். கணுக்களை அரத்தால் சீர்செய்து, சிம்புகளை அனலில் வாட்டி நிமிர்த்தி, ஒரு சிம்பின் கணு மற்றொன்றின் கணுவோடு நேர்படாதவாறு மாற்றி அடுக்க வேண்டும். அறுபது பாகைப் பள்ளம் வெட்டிய எஃகுப் படிவத்தில் சிம்பைக் கிடத்தி, இழைப்புளியால் சீவிச்சீவிக் குறித்த அளவுக்குக் கொணர வேண்டும். புறத்தோலில் இழைப்புளி படலாகாது. பட்டால் வலிமையே போயிற்று. நுனியில் ஆறு சிம்பும் சேர்ந்த தடிப்பே ஏறத்தாழ 0.07 அங்குலம் என்றால், ஒரு சிம்பின் மென்மையை நினைத்துப் பார்க்கலாம். பசையிட்ட சிம்புகளைச் சீராக நூலால் இறுக்கிச் சுற்றவும் கேரிசன் ஒரு கருவி அமைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இவ்வளவும் தம் கையாலேயே செய்ததால், வாழ்நாளில் அவர் செய்த கோல்கள் ஆயிரத்தை எட்டவில்லை.

முதுமையில் அவரை அணுகியவர் ஹோகி கார்மைக்கேல். புகழ்பெற்ற பாடலாசிரியரான அதே பெயருடையவரின் மகன். கேரிசனின் வேலைமுறை முழுவதையும் அவர் திரைப்படமாகப் பதிவு செய்தார். நூலாகவும் எழுதத் தொடங்கினார். கேரிசன் 1975இல் மறைந்தார். நூல் 1977இல் வெளிவந்தது. அச்சு அளவுகள், படிவம் செய்யும் முறை, அழுத்தக் கணக்கு, ஐந்தங்குல அட்டவணைகள் யாவும் அதில் உள்ளன. லெனார்ட் அறைக்குள் வைத்துப் பூட்டிய வகைச் செய்தியைக் கேரிசன் அட்டவணையாகவே உலகிற்குக் கொடுத்துவிட்டார். அதுவும் உரிய நேரத்தில் நிகழ்ந்தது. சீனப் பொருளுக்கு அமெரிக்கா 1950 இறுதியில் தடை விதித்ததால் புது மூங்கில் வரவில்லை. 1971இல்தான் தடை நீங்கியது. அவ்விருபதாண்டில் கண்ணாடியிழைக் கோல் சந்தையை நிறைத்தது. 1970களில் கரியிழைக் கோல் வந்தது. பழைய பட்டறைகள் பல மூடப்பட்டன. அந்நூல் வந்திராவிடில், அக்கலை அறிந்தோர் கையோடு பெரும்பகுதி போயிருக்கும்.

கரியிழைக் கோல் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. முன்னர்ப் பட்டுக்கயிற்றை அதன் தடிப்பைக் காட்டும் எழுத்துகளால் குறித்தனர். நைலான் வந்தபின், ஒரே தடிப்புள்ள கயிறுகள் வெவ்வேறு எடை காட்டின. எனவே 1960களின் தொடக்கத்தில் தூண்டிற்பொருள் செய்வோர் சங்கம், கயிற்றின் முதல் முப்பது அடியின் எடையைக் கொண்டு எண் வகுத்தது. ஐந்தாம் எண் கயிறு என்றால் 140 கிரெய்ன், ஏறத்தாழ ஒன்பது கிராம். கயிற்றுக்கு இவ்வாறு அளவு கிடைத்தது. கோலுக்கோ, செய்தவர் எழுதியதே எண். ஒரு நிறுவனத்தின் ஐந்து மற்றொன்றின் ஏழாகவும் இருக்கலாம். தாமே கோல் கட்டிக்கொள்வோர்க்கு இது பெருந்தொல்லை.

இதற்கு வில்லியம் ஹன்னமன் என்னும் வேதியியலார் 2000களின் தொடக்கத்தில் ஓர் எளிய விடை கண்டார். கோலின் அடியைக் கிடைநிலையில் இறுக்கிப் பொருத்துக. நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிடுக. கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி தாழும்வரை பையில் அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை இடுக. காசுகளின் தொகை கோலின் வலிமை. அந்நிலையில் நுனி காட்டும் கோணம் வளைவின் இயல்பு. அடிவரை வளையும் கோலுக்குக் கோணம் குறையும். நுனியில் வளைவதற்குக் கூடும். காசைத் தேர்ந்ததிலும் நுட்பம் உண்டு. 1982இல் உலோகம் மாற்றப்பட்டபின் அதன் எடை சரியாக 2.5 கிராம், அதற்கு முந்திய செப்புக்காசு 3.11 கிராம். இரண்டையும் கலந்தால் கணக்குக் கெடும்.

முறைக்கு எதிர்ப்பும் இருந்தது. அசையாமல் தொங்கும் பையைக் கொண்டு, வீசும்போது உயிர்பெறும் ஒன்றை எங்ஙனம் அளப்பது என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. கேரிசனும் நான்கு மடங்கு என்று கொண்டது ஒரு மதிப்பீடே. தளை தட்டுவதைப் புலவன் செவி முன்னே அறிகிறது. இலக்கணம் பின்னே வந்து அதற்குப் பெயர் சொல்கிறது. பெயர் இருந்தால்தான் அடுத்தவனுக்குச் சொல்ல இயலும். காசுமுறை செய்ததும் அவ்வளவே: ஓர் ஊரில் ஒருவர் விரும்பிய கோலின் குணத்தை வேறோர் ஊரில் கோல் கட்டுபவர்க்கு இரண்டு எண்களால் சொல்ல வழி பிறந்தது.

ஒரு சென்ட் காசு அச்சிடுவதை அமெரிக்க நாணயச்சாலை 2025 நவம்பரில் நிறுத்தியது. கோல் அளப்போர்க்கு அதனால் இழப்பில்லை, 2.5 கிராம் என்று தெரிந்தபின் ஈயக்குண்டும் மணலும் அதே வேலையைச் செய்யும். கேரிசன் அட்டவணையைப் பார்த்து மூங்கில் இழைப்போர் இன்றும் பல நாடுகளில் உளர். அவர்களிற் பலர் கோலை முடித்தபின் புல்வெளியில் நின்று வீசிப் பார்த்து, அடுத்த கோலுக்கு அட்டவணையில் ஓரிடத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கைக் கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொள்கின்றனர்.