வாசல்வரை வந்த மருத்துவம்

மகப்பேற்றில் தாய் இறப்பதற்கு மருத்துவ நூல்கள் கூறும் முதன்மைக் காரணங்கள் சிலவே: மிகையான இரத்தப்போக்கு, நோய்த்தொற்று, உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, தடைப்பட்ட பிரசவம். இவற்றால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்தால் தவிர்க்கத்தக்கவை. ஆயினும் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 தாய்மார் இறந்தனர் என்றும், அவற்றுள் 92 விழுக்காடு குறைந்த வருமானமும் கீழ்நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில் நேர்ந்தன என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. உரிய நேரம் ஏன் தவறுகிறது? வறுமை மட்டுமே இதற்கு விடையன்று. நாம் நன்கறிந்த மிஷன் வரலாறு ஒன்று இதற்குச் சான்று பகருகிறது.

1890களின் முற்பகுதியில், திண்டிவனம் மிஷன் இல்லத்திற்கு ஓரிரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேற்று வேதனையில் இருக்கும் தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடா ஸ்கடரை வேண்டினர். அவர் அப்போது மருத்துவம் கற்றவரல்லர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

இந்நிகழ்ச்சி நம் பிரசங்கங்களில் அழைப்பின் கதையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அது பொருத்தமே. ஆயினும் வரலாற்று மாணவர் இதில் பிறிதொன்றையும் காணவேண்டும். மருத்துவர் இல்லாமையால் அப்பெண்கள் இறக்கவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் அருகிலேயே இருந்தார். அந்நிய ஆடவன் தம் வீட்டுப் பெண்ணைத் தீண்டலாகாது என்ற வழக்கமே அவரைத் தடுத்தது. வந்தவர்களுள் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் மேற்சாதி இந்து. சமயம் வேறாயினும் மறுமொழி ஒன்றாகவே இருந்தது. அவர்கள் அன்பற்றவர் அல்லர். உதவி தேடி இரவில் அலைந்தவர்கள். ஆனால் முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இருந்தது; உயிர் போகும் ஆபத்தோ மனைவியரிடம் இருந்தது. அப்பெண்களின் விருப்பத்தை எவரும் கேட்டதாகக் கதை கூறவில்லை. அவர்களுடைய பெயர்களைக்கூட நாம் சொல்வதில்லை.

இத்தடை அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது. பேறுகாலத் தீட்டு எனக் கருதி, பிள்ளை பெற்றவளை வீட்டின் ஒதுக்கிடத்தில் வைப்பதும், முறையான பயிற்சியற்ற மருத்துவச்சியிடமே விட்டுவிடுவதும் வழக்கமாயிருந்தன. இளமை மணத்தால் உடல் முதிராத சிறுமியரும் தாயாயினர். இந்நிலையைக் கண்டு வருந்திய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முறையாகச் சேர்த்துக்கொண்ட பெண்கள் நால்வருள் ஒருவரானார். பின்னர் 1885ஆம் ஆண்டில் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென ஒரு மருத்துவமனை சென்னையில் எழ அவரே காரணமாயிருந்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஐடா ஸ்கடரும் 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

இம்முயற்சிகளை எவ்வாறு மதிப்பிடுவது? இவை வழக்கத்தோடு போரிடவில்லை. வழக்கத்தின் எல்லைக்குள் நுழைந்து உயிர்களைக் காத்தன. சென்னை மருத்துவமனையின் பழைய பெயரே சாதியையும் திரையையும் ஏற்றுக்கொண்டது. வழக்கம் மாறும்வரை காத்திருக்குமாறு வேதனையில் இருப்பவளிடம் சொல்ல இயலாது. ஆகவே அது வேண்டிய இணக்கமே. எனினும் பெண் மருத்துவர் வந்ததனால் மட்டும், தனக்கு மருத்துவம் வேண்டுமென்று முடிவுசெய்யும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்துவிடவில்லை. அதற்குக் கல்வியும் சட்டமும் துணைவர வேண்டியிருந்தன. பெண்ணின் திருமண வயதைப் 14 ஆக வரையறுத்த சாரதா சட்டம் 1929இல்தான் இயற்றப்பட்டது. 1978இல் அவ்வயது 18 ஆயிற்று.

தாடியஸ், மெயின் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் மூன்று தாமதங்களை எடுத்துக்காட்டினர்: மருத்துவத்தை நாட முடிவு செய்வதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், அங்கே தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம். இரண்டாவதையும் மூன்றாவதையும் சாலைகளும் மருத்துவர்களும் குறைக்கக்கூடும். முதலாவது வீட்டிற்குள் நிகழ்வது. திண்டிவனத்தில் நிகழ்ந்தது அதுவே.

அந்த வீட்டிற்குள் ஆயருக்கு இடமுண்டு. திருமண ஆயத்த வகுப்பிலும் வீடு சந்திப்பிலும் கணவரோடும் மாமியாரோடும் பேச அவருக்கு வாய்ப்புண்டு. எகிப்தின் அரசனுக்குப் பெயர் தராத யாத்திராகமம், சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் இருவரின் பெயர்களைக் காத்து வைத்திருக்கிறது. திண்டிவனத்துக் கதையை இனி நாம் பிரசங்கிக்கும்போது, அழைப்பைப் பெற்றவரோடு, பெயரின்றி இறந்த அம்மூவரையும் சபை நினைவுகூரச் செய்வது நம் கடமையாகும்.