பந்து வெல்கிறதா, பெயர் வெல்கிறதா?

வார இறுதியில் ஒரு போலிங் அரங்கத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். குடும்பத்தோடு பொழுதுபோக்க வந்தவர்கள் அலமாரியில் கிடக்கும் ஏதோ ஒரு பந்தை எடுக்கிறார்கள். விரல் நுழைகிறதா, கை தாங்குமா என்று பார்ப்பதோடு சரி. பக்கத்துத் தடத்தில் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு நிற்பவரோ, சக்கரம் வைத்த பையிலிருந்து மூன்று நான்கு பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்குகிறார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். ஸ்டோர்ம், ஹேமர், பிரன்ஸ்விக், கொலம்பியா 300. எந்தப் பந்து நல்லது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். காரணம் வருவதற்கு முன்னால் பெயர்தான் வரும்.

விதிப்படி பார்த்தால் எல்லாப் பந்தும் ஏறக்குறைய எட்டரை அங்குல விட்டம்தான். 16 பவுண்டுக்கு மேல் கனம் கூடாது. யார் செய்தாலும் இதே அளவுதான் என்றால், ஒரு காலத்தில் ஒரு பெயரும் இன்னொரு காலத்தில் இன்னொரு பெயரும் ஆட்டக்காரர்களின் வாயில் புகுந்துகொள்வது எப்படி? விளம்பரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இந்தக் கதை அவ்வளவு எளிதானதல்ல.

ஆரம்பத்தில் பந்து மரத்தால் ஆனது. லிக்னம் விட்டே என்ற மிகக் கடினமான வெப்பமண்டல மரத்தைக் கடைந்து செய்தார்கள். எவ்வளவு கடினமானாலும் மரம் மரம்தானே. விரிசல் விடும், உருண்டை கோணும். 1905-ஆம் ஆண்டில் எவர்ட்ரூ என்ற ரப்பர் பந்து வந்தது. 1914-ஆம் ஆண்டில் பிரன்ஸ்விக் நிறுவனம் மினரலைட் என்ற கெட்டி ரப்பர் பந்தை இறக்கியது. அந்த ரப்பரில் என்ன கலந்திருக்கிறது என்பது மர்மம் என்று சொல்லியே விற்றார்கள். மர்மம் எந்த நூற்றாண்டிலும் விலை போகும் சரக்குதான்!

ஆனால், பிரன்ஸ்விக் என்ற பெயர் ஊன்றியதற்குப் பந்தின் தரம் மட்டும் காரணமல்ல. சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் 1845-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் பில்லியர்ட்ஸ் மேசைகள், பிறகு போலிங் தடங்கள், பின்கள், பந்துகள் என்று வளர்ந்தது. 1906-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் நகரில் பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. அரங்கத்துக்குத் தடம் போட்டுக் கொடுப்பவரே அலமாரிக்குப் பந்தையும் கொடுத்தால், விளையாட வருகிறவர் முதன்முதலில் தொடும் பந்து யாருடையதாக இருக்கும்? முதலில் கைக்குப் பழகிய பெயரை மனிதர்கள் லேசில் மாற்றுவதில்லை. பற்பசையிலிருந்து பால்மாவு வரை எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம்.

அடுத்த பெயர் ஏஎம்எஃப். சிகரெட் செய்யும் இயந்திரங்களைத் தயாரித்துவந்த நிறுவனம் அது. அதுவரை விழுந்த பின்களை எடுத்து நிறுத்துவதற்குத் தடத்தின் கோடியில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பந்து வரும்போது காலை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடி. அந்த வேலையைத் தானே செய்யும் இயந்திரத்தை 1946-ஆம் ஆண்டில் பஃபலோ நகரில் காட்டினார்கள். 1952-ஆம் ஆண்டில் அது வணிகத்துக்கு வந்தது. பிரன்ஸ்விக் 1956-ஆம் ஆண்டில் தன் இயந்திரத்தோடு போட்டிக்கு இறங்கியது. அரங்குகள் புறநகர்களில் காளான்களாக முளைத்தன. தவணை முறையில் இயந்திரங்களை வாங்கிய பல அரங்க உரிமையாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் கடனைக் கட்ட முடியாமல் தவித்தார்கள் என்பது தனிக்கதை. இயந்திரத்தோடு பெயரும் உலகம் சுற்றியது. 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய போலிங் உலகக் கிண்ணம் ஏஎம்எஃப் பெயரைத்தான் நெடுங்காலம் தாங்கியது. 2008-ஆம் ஆண்டில் மெக்சிகோவில் நடந்த அந்தப் போட்டியில் மகளிர் பிரிவில் வென்றவர் சிங்கப்பூரின் ஜாஸ்மின் இயோங்-நாதன் என்பதை இங்குள்ள ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே தொலைக்காட்சி வந்தது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறை போலிங் ஆட்டக்காரர்கள் சங்கம் உருவானது. 1962-ஆம் ஆண்டு முதல் 1997 வரை ஏபிசி தொலைக்காட்சி அதன் போட்டிகளைச் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒளிபரப்பியது. போலிங் போல தொலைக்காட்சிக்கு ஏற்ற விளையாட்டு குறைவு. ஆட்டக்காரரின் முகம், கை, பந்து எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும். காற்பந்தில் பந்து எந்த நிறுவனத்துடையது என்று யார் பார்க்கிறார்கள்? போலிங்கில் கேமரா பார்ப்பதே பந்தைத்தான்.

அதை முதலில் பணமாக்கிய பெயர் எபோனைட். 1964-ஆம் ஆண்டில் டான் கார்ட்டர் என்ற ஆட்டக்காரரோடு அந்நிறுவனம் பத்து லட்சம் டாலர் விளம்பர ஒப்பந்தம் செய்தது. விளையாட்டு உலகில் அந்தத் தொகைக்கு ஒப்பந்தம் பெற்ற முதல் ஆள் அவர்தான். பேஸ்பால் வீரரில்லை, குத்துச்சண்டை வீரரில்லை, ஒரு போலிங் ஆட்டக்காரர்! முழங்கையை மடக்கியபடியே பந்தை விடும் அவருடைய பாணியைப் பயிற்றுநர் எவரும் சொல்லிக்கொடுக்கமாட்டார். ஆனாலும் அவர் வென்றார், அவர் பெயர் சொன்ன பந்து விற்றது.

இதுவரையில் பெயரின் பலம். இனி பந்தின் பலம்.

தடத்தின் நீளம் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முன்பகுதியில், ஏறக்குறைய 40 அடி வரை, எண்ணெய் பூசியிருக்கும். பந்து எண்ணெய் மேல் வழுக்கிப் போய், எண்ணெய் முடிந்த இடத்தில் தரையைப் பற்றி வளைந்து, முதல் பின்னுக்குப் பக்கத்தில் சாய்வாக நுழைய வேண்டும். நேராகப் போகும் பந்தைவிட வளைந்து நுழையும் பந்துதான் பத்துப் பின்களையும் சாய்க்க வாய்ப்பு அதிகம். ஆக, ஆட்டக்காரர் தேடுவது பிடிமானம். பிடிமானம் பந்தின் மேல்தோலில் இருக்கிறது.

1960-களில் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் பந்துகள் பரவின. கொலம்பியா 300 நிறுவனத்தின் பந்துகள் இதில் முன்னணியில் நின்றன. 1970-களில் அதன் எல்லோ டாட் பந்து தேடித் தேடி வாங்கப்பட்டது. அதிலும் எல்லா எல்லோ டாட்டும் இல்லை. சில பந்துகளில் அந்த மஞ்சள் புள்ளியின் சாயம் சுற்றிலும் கசிந்திருக்கும். பார்வைக்கு அது தயாரிப்புக் குறை. ஆட்டக்காரர்களோ அதைத்தான் கேட்டார்கள். சாயம் கசிந்த பந்தின் தோல் மிருதுவானது, தடத்தைப் பற்றும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

மிருதுவான பந்து கிடைக்காவிட்டால் நாமே செய்துகொண்டால் என்ன என்று ஒருவர் நினைத்தார். அவர் பெயர் டான் மெக்கியூன். பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்தார். தோல் இளகியது. 1973-ஆம் ஆண்டில் மட்டும் அவர் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். அப்போது இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வாளிகளில் பந்துகளை ஊறப்போட்டார்கள். எளிதில் தீப்பற்றும் திரவம், மூச்சை அடைக்கும் நெடி. ஒரு பந்து கொஞ்சம் வளைவதற்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பிறகுதான் கடினத்துக்கு ஓர் எல்லை வகுத்தார்கள். தொழில்முறைச் சங்கம் 75 என்றும், அமெரிக்க போலிங் காங்கிரஸ் 72 என்றும் குறைந்தபட்ச அளவை வைத்தன. ஊசி வைத்த கருவியைப் பந்தின் மேல் அழுத்திப் பார்த்தால் எண் தெரிந்துவிடும்.

1980-களின் தொடக்கத்தில் ஏஎம்எஃப் நிறுவனத்தின் ஆங்கிள் பந்து யூரேத்தேன் தோலோடு வந்தது. கரைப்பானில் ஊறவைக்காமலே தடத்தைப் பற்றியது. அதே வரிசையில் ஹேமர் பெயர் எடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் நூ-லைன் நிறுவனத்தின் எக்ஸ்காலிபர் பந்து ரியாக்டிவ் ரெசின் என்ற புது வகைத் தோலைக் கொண்டுவந்தது. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை தடத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வளைவு கூடியது, புள்ளிகள் ஏறின. இங்கே ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தது. எண்ணெயைக் குடிக்கும் பந்து நாளடைவில் மந்தமாகிவிடும். பழைய ரப்பர் பந்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார். இப்போதோ போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பந்து போதாது, வாங்கியதும் வெகுநாள் தாங்காது. பெற்றோர் பணப்பையைத் திறந்தபடியே இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு இதைவிட நல்ல செய்தி எது?

இந்தக் காலத்தில்தான் ஸ்டோர்ம் எழுந்தது. யூட்டா மாநிலத்தின் பிரிகாம் சிட்டியில், பந்தைத் துடைக்கும் திரவம் விற்றுக்கொண்டிருந்த பில் கிறிஸ்மன் தொடங்கிய நிறுவனம். பந்தின் தோலை அறிந்தவர் பந்துத் தொழிலுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. பந்துக்கு நறுமணம் சேர்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஆனால், கடையில் நுழைகிற இளைஞர் பந்தை எடுத்து முகர்ந்து பார்க்கிறார், பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார். பேச்சு ஆரம்பித்துவிட்டது அல்லவா? பின்னர், இரு கைகளாலும் பந்தை விடும் ஆஸ்திரேலியர் ஜேசன் பெல்மான்டே அந்தப் பந்துகளோடு தொலைக்காட்சியில் வென்றுகொண்டே இருந்தார். 2023-ஆம் ஆண்டில் அவர் வென்றது 15-ஆவது மேஜர் பட்டம்.

நட்சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது ஒருவரை மறந்துவிடுகிறார்கள். பந்துக்குத் துளை போடும் கடைக்காரர். நல்ல பந்து துளையில்லாமல்தான் கடைக்கு வருகிறது. கையின் அகலம், விரலின் பருமன், பந்தை விடும் விதம் எல்லாம் பார்த்து எங்கே துளையிடுவது என்று முடிவு செய்பவர் அவர். உள்ளே இருக்கும் கனமான உட்கரு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதே பந்து இருவர் கையில் இருவிதமாகப் போகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் போல, அவர் சொன்ன பந்தை ஆட்டக்காரர் வாங்குகிறார். அந்த வாரமே ஒருவர் அதிகப் புள்ளிகள் எடுத்துவிட்டால், அடுத்த வாரம் நால்வர் அதே பந்தைக் கேட்பார்கள். அவருக்குப் பொருந்தியது தமக்கும் பொருந்துமா என்று யோசிப்பவர் குறைவு. ஒரு பெயர் பரவுவதில் தொலைக்காட்சியைவிட இந்தக் கடை மேசைக்குத்தான் பங்கு அதிகம் என்று சொன்னால் அது தவறாகாது.

இவ்வளவு மதிப்புள்ள பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரன்ஸ்விக் 2006-ஆம் ஆண்டில் மஸ்கீகனில் பந்து செய்வதை நிறுத்தி, மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குக் கொண்டுபோனது. நூறாண்டுத் தொடர்பு அதோடு அறுந்தது. 2015-ஆம் ஆண்டில் போலிங் தொழிலே தாய் நிறுவனத்திடமிருந்து விற்கப்பட்டது. 2019 நவம்பரில் அந்தப் போலிங் நிறுவனம் தன் பழைய போட்டியாளரையே வாங்கியது. எபோனைட், ஹேமர், டிராக், கொலம்பியா 300 ஆகிய நான்கு பெயர்களும் ஒரே நாளில் கைமாறின. கென்டக்கி மாநிலத்தின் ஹாப்கின்ஸ்வில் நகரில் அவற்றைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை மூடப்பட்டது. பெயர்கள் பிழைத்தன. அங்கே அச்சில் ஊற்றிக் கடைந்து மெருகேற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு வேலை போனது. டான் கார்ட்டருக்குப் பத்து லட்சம் கொடுத்த பெயரும், மஞ்சள் புள்ளிக்காகத் தேடப்பட்ட பெயரும் இன்று பிரன்ஸ்விக் குடையின்கீழ். எபோனைட் வேண்டாம், ஹேமர்தான் வேண்டும் என்று கடையில் வாதிடுகிறவர்கள் இதை அறிவார்களோ என்னவோ.

மூடப்படுவதற்கு முன் அந்தத் தொழிற்சாலை விட்டுச்சென்ற ஒரு பந்து பெரும் சச்சரவைக் கிளப்பியது. பர்ப்பிள் ஹேமர் என்ற ஊதா நிற யூரேத்தேன் பந்து. இரு கை ஆட்டக்காரர்களும் வேகமாகச் சுழற்றும் இளையோரும் அதை விரும்பினார்கள். அதிலும் 2016, 2017 ஆண்டுகளில் வந்த பந்துகளுக்குத்தான் கிராக்கி. பந்தில் பொறித்த வரிசை எண்ணைப் பார்த்து ஆண்டைக் கண்டுபிடித்து வாங்கினார்கள். சோதித்துப் பார்த்தபோது, அந்த ஆண்டுகளின் பந்துகள் 72 என்ற கடின எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது தெரிந்தது. அமெரிக்க போலிங் காங்கிரசின் இடத்துக்கு 2005-ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பிசி அமைப்பு, 2022-ஆம் ஆண்டில் அவற்றைத் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டோர்ம் நிறுவனத்தின் ஸ்பெக்டர் பந்துக்கான அங்கீகாரம் பறிபோனது. அடுத்து, அந்நிறுவனக் குடும்பத்தின் மேலும் ஆறு பந்துகளுக்குத் தேசியப் போட்டிகளில் தடை வந்தது. நம்பி வாங்கியவர்கள், போட்டிப் பருவத்தின் நடுவில், தடை செய்யப்பட்ட பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதையும் வாளியில் ஊறவைக்கவில்லை. அங்கீகார முத்திரை உள்ள பந்தைக் கடையில் விலை கொடுத்து வாங்கியவர்கள்தான். அந்தப் பந்துகளோடு ஏற்கெனவே வென்றிருந்த பட்டங்களைப் பற்றிப் பக்கத்துத் தடக்காரர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தடைக்குப் பிறகு அந்த ஊதாப் பந்தை எல்லாரும் தூக்கிப்போட்டுவிட்டார்களா? அதுதான் இல்லை. தடை தேசியப் போட்டிகளுக்கு மட்டும்தான். ஊர் அரங்குகளின் லீக் ஆட்டங்களில் அந்தப் பந்துகள் தொடர்ந்து உருண்டன, வரிசை எண் பார்த்துக் கேட்பவர்களும் இருந்தார்கள்.