ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகம்: சிங்கப்பூரில் கட்டடப் பாதுகாப்புக் கோரிக்கையின் ஒரு திருப்பம்

சிங்கப்பூரின் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960 நவம்பர் 12 அன்று திறக்கப்பட்ட தேசிய நூலகத்தை அக்காலத்தில் அழகென்று சொன்னவர்கள் அதிகமில்லை. சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய காலனிக் கட்டடங்கள். நடுவே வெறும் செங்கல் முகப்போடு ஒன்று. பொருந்தவில்லை என்று கட்டடக்கலை அறிந்தவர்களே முணுமுணுத்தார்கள். நாற்பது ஆண்டுகளில் அதே கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று நகரவாசிகள் அரசோடு வாதாடினார்கள். கட்டடம் மாறவில்லை, அதைப் பார்த்தவர்கள் மாறியிருந்தார்கள். அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, அரசின் அளவுகோல்களோடு அது எங்கே மோதியது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

நூலகத்தின் தொடக்கத்தை விட்டுவிட்டு இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்கு முன்பிருந்த ராஃபிள்ஸ் நூலகம் முதன்மையாக ஆங்கிலம் அறிந்த, சந்தா கட்டக்கூடிய சிறு வட்டத்துக்கானது. ரப்பர் வணிகர் லீ கொங் சியான் 1953-இல் 3,75,000 வெள்ளி தர முன்வந்தபோது, நூலகம் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும், உள்ளூர் மொழி நூல்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று கேட்டார். 1957-இல் அவரே அடிக்கல் நாட்டினார். சீனம், மலாய், தமிழ் நூல்கள் ஆங்கில நூல்களோடு ஒரே கூரையின்கீழ் வந்ததற்கு இந்த நிபந்தனைக்குப் பெரும் பங்குண்டு. புத்தகம் வாங்க வசதியில்லாத வீடுகளின் பிள்ளைகள் பிராஸ் பாசா வட்டாரப் பள்ளிகளிலிருந்து நடந்தே வந்து தேர்வுக்குப் படித்தார்கள். பின்னாளில் கட்டடத்துக்காகப் பேசிய தலைமுறை அங்கேதான் உருவானது.

1980களின் இறுதியில் நகர மறுசீரமைப்பு ஆணையம் குடிமை வட்டாரத்துக்கு வகுத்த பெருந்திட்டத்தில் ஃபோர்ட் கேனிங் குன்றைக் குடைந்து செல்லும் சுரங்கச்சாலை இடம்பெற்றது. அப்போது பெரிய எதிர்ப்பு எழவில்லை. காட்சிக்கு வைத்த வரைபடத்தில் ஒரு கோடாக இருந்ததை, தான் பழகிய படிக்கட்டின்மேல் போகும் கோடு என்று யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. கலந்தாலோசனை என்ற பெயரில் அரசுகள் நடத்தும் கண்காட்சிகளுக்கு உள்ள பொதுக்குறை இது. 1997-இல் நூலகம் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திறந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில், சுரங்கச்சாலைக்காகவும் அப்பகுதியில் அமையவிருந்த சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக வளாகத்துக்காகவும் அது இடிக்கப்படலாம் என்ற செய்தி பரவியது. புதுச்சாயம் பூசிய கையோடு இடிப்புச் செய்தியைக் கேட்ட மக்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

1999 மார்ச்சில் பல்கலைக்கழகம் தன் வளாகத் திட்டத்தை விளக்க நடத்திய பொதுக் கருத்தரங்கில் பேச்சு நூலகத்தின் பக்கமே திரும்பியது. தொடர்ந்து நாளிதழ்களில் வாசகர் கடிதங்கள் குவிந்தன. அவற்றின் வாதத்தில் ஒரு புதுமை இருந்தது. தூண், வளைவு, பாணி என்று பேசியவர்கள் சிலரே. பெரும்பாலோர் தங்கள் இளமையைப் பேசினார்கள். சட்டம் அறிந்த மொழி அதுவல்ல. 1971-இல் அமைந்த நினைவுச்சின்னப் பாதுகாப்பு வாரியம் பழைமையையும் கட்டடக்கலைச் சிறப்பையும் எடைபோட்டது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகளுக்கு 1989-இல் பாதுகாப்பு கிடைத்தபோதும் முன்னின்றது போருக்கு முந்தைய கடைவீடுகளின் தோற்றம். போருக்குப்பின் எழுந்த, பார்க்க எளிய, ஆனால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திய கட்டடத்துக்கு இரண்டிலுமே இடமில்லை. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் அந்த நினைவுகளை வெறும் ஏக்கமென்று விடாமல், 2000-இல் தொகுத்த நூலின்வழி ஆய்வுப்பொருளாக்கியது. இந்த முழுக் கதையிலும் நீண்டகால விளைவு தந்த செயல் இதுவே என்பது என் கணிப்பு.

கட்டடக் கலைஞர் டே கெங் சூன் வேறு வழியில் போனார். 2000 ஜனவரியில் அவர் முன்வைத்த மாற்றுத்திட்டம் சுரங்கப்பாதையின் போக்கைத் திருப்பி, நூலகத்தைக் காத்து, வளாகத்துக்கும் வழிவிட்டது. மறியல், ஊர்வலம் எதற்கும் வாய்ப்பில்லாத அரசியல் சூழலில், அரசின் சொந்த மொழியான திட்டவரைவிலேயே மறுப்பை எழுதிக் காட்டியது அது. பதில் வர நாளாகவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பாவ் டான், நூலகம் போகத்தான் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

2004 மார்ச் 31 நூலகத்தின் கடைசி நாள். பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது. சுரங்கச்சாலை 2007 ஜனவரியில் திறந்தது. பழைய செங்கற்களில் ஒரு பகுதி விக்டோரியா தெருவின் புதிய நூலகத்தில் சுவராக நிற்கிறது. நுழைவாயில் தூண்கள் இரண்டு பழைய இடத்திலேயே விடப்பட்டன. நினைவைக் காக்கக் கேட்டவர்களுக்கு நினைவுப்பொருளைக் கொடுத்து அனுப்பியது போன்ற ஏற்பாடு என்றே இதைச் சொல்லவேண்டும்.

2002-இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டதை நூலக எதிர்ப்பின் நேரடி வெற்றியாகக் காட்டுவது மிகை. ஆனாலும் எதைக் காப்பது என்ற விவாதத்தில் அதிகாரிகளுக்கு வெளியிலிருந்தும் ஆட்களை உட்காரவைக்கும் தேவை, இத்தகைய சர்ச்சைகளுக்குப் பின்னரே அரசுக்கு உறைத்திருக்கக்கூடும். 2021-இல் போருக்குப் பிந்தைய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். 1973-இல் முடிந்த அதை வடிவமைத்தது டே கெங் சூனும் மரபுடைமைச் சங்கத்தின் முதல் தலைவரான வில்லியம் லிம்மும் இருந்த டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனம்.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. கோல்டன் மைல் தனியார் உடைமை. வாங்குபவருக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்டும் சலுகை தந்து அரசால் பாதுகாப்பைச் சந்தைக்கு இசைவாக்க முடிந்தது. 2022-இல் 70 கோடி வெள்ளிக்கு அது கைமாறியது. அங்கே நெடுங்காலம் தொழில் நடத்திய தாய்லாந்துக் கடைக்காரர்கள் அடுத்த ஆண்டு வெளியேறினார்கள். நூலக விவாதத்தில் முன்வைக்கப்பட்டது புழங்கிய மக்களின் உரிமை. 2021-இல் காப்பாற்றப்பட்டது கட்டடக்கலைச் சிறப்பு. ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கடிதங்கள் எழுப்பிய கோரிக்கைக்குச் சட்டத்தில் இன்னும் தெளிவான பிரிவு இல்லை.